இடது சீட்டில் ஒரு கண்டக்டர்: வலது ஸ்டியரிங் மோட்டார்ஹோமை ஐரோப்பாவில் ஓட்ட முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரம் ரோட்டில் சேரன்மகாதேவி தாண்டி, வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால் வேன் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இடது சீட்டில் நீங்கள். உங்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? லாரியின் முதுகு, தொங்குகிற வாழைத்தார், இந்தப் பக்கம் மரமும் வாய்க்காலும். எதிரே பஸ் வருகிறதா என்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. வலப்பக்கம் இருக்கிற டிரைவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும், எதிர் ரோடு தெரிந்துவிடும்.

இங்கிலாந்து வண்டியைப் பிரான்சுக்குள் கொண்டுபோகிற டிரைவருக்குக் கிடைப்பது அந்த இடது சீட்டுப் பார்வைதான். அங்கே போக்குவரத்து வலப்பக்கம். இங்கிலாந்து வண்டிக்கு ஸ்டியரிங்கும் நம் ஊரைப் போல வலப்பக்கம். ஆக, டிரைவர் ரோட்டோரத்துப் பள்ளத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பார். நடுக்கோடு வண்டியின் அந்தக் கோடியில் ஓடும். காராக இருந்தால் திரும்பிப் பார்த்துச் சமாளிக்கலாம். மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையல் வசதியோடு வீடு மாதிரி கட்டிய வேன். அதில் முன் சீட்டுக்குப் பின்னால் சுவர், அலமாரி, கட்டில். திரும்பினால் அலமாரிக் கதவுதான் தெரியும்.

நான் பாளையங்கோட்டையில் 26 வருஷமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். குற்றாலம், பாபநாசம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வாரம் பூராவும் ரோட்டில்தான் இருப்பேன். மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். போன ஆகஸ்டில் அவர்களோடு 7 மீட்டர் நீள மோட்டார்ஹோமில் கலே துறைமுகத்தில் இறங்கி, 11 நாள் பிரான்சில் சுற்றினோம். மாப்பிள்ளை ஓட்டினார், நான் இடது சீட்டில் இருந்தேன். முதல் நாளே நாங்கள் செய்த தப்பு பெரிய விபத்தாகியிருக்கும். இந்த ஆனித் தேரோட்டத்துக்கு அவர்கள் ஊருக்கு வந்தபோது, அடுத்த பயணத்துக்காக என் வேனை ஒரு காலி மைதானத்தில் நிறுத்தி மூன்று நாள் பழகினோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடு நம் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அவர்களுக்காக, பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கண்ணாடி, கேமரா, லென்ஸ் என்று எதையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் வண்டியில் எந்த இடம் தெரியவில்லை என்று தரையில் அளந்து பாருங்கள். அளக்காமல் வாங்குகிற கேமரா, தெரிகிற இடத்தையே இன்னொரு தடவை காட்டும்.

முதல் வேலை: மறைவைக் கோலமாவில் வரைவது

இரண்டு படி கோலமாவு அல்லது சுண்ணாம்புப் பொடி, ஒரு பைக், 20 மீட்டர் கயிறு, உதவிக்கு இரண்டு பேர். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். டிரைவர் வழக்கமாக ஓட்டுகிற உயரத்தில், சீட் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். பெல்ட் இல்லாமல் முன்னால் சாய்ந்து பார்த்தால் கணக்கு தப்பும்.

வண்டியின் இடப்பக்கத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 20 மீட்டர் பின்னாலிருந்து ஒருவர் பைக்கை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வரட்டும். டிரைவர் இடது சைடு மிரரை மட்டும் பார்த்து “தெரியுது, தெரியுது” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மிரரை விட்டு மறைந்ததும் “காணோம்” என்றால், பைக்காரர் நின்ற இடத்தில் மாவால் ஒரு கோடு. மறுபடி தள்ளிக்கொண்டே வரட்டும். இடது ஜன்னல் வழியாகத் தெரிய ஆரம்பித்ததும் அங்கே இன்னொரு கோடு. இதையே 3 மீட்டர் தள்ளியும், 5 மீட்டர் தள்ளியும் செய்யுங்கள். கோடுகளின் முனைகளைச் சேர்த்தால் தரையில் ஒரு வயல் மாதிரி கட்டம் விழும். அதுதான் மறைவு. அடுத்த லேனில் முந்தி வருகிற கார் போகிற இடமும் அதுதான்.

எங்கள் மைதானத்தில் பைக்கைத் தள்ளி வந்தவன் என் தங்கை மகன். மாப்பிள்ளை “காணோம்” என்றதும் அவன் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். “மாமா, கைகூடத் தெரியல” என்றார் மாப்பிள்ளை. பேரன் ஓடிப்போய் அந்தப் பைக் பக்கத்தில் நின்றான். அவனும் தெரியவில்லை. என் மகள் அந்த மாவுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போன ஆகஸ்டில் 11 நாளும் இந்தக் கட்டத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறோம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

வண்டியின் முன்பக்க இடது மூலையையும் விடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்தை பம்பருக்கு முன்னால் வைத்து, எவ்வளவு தூரம் நகர்த்தினால் டிரைவருக்கு அதன் வாய் தெரிகிறது என்று பார்த்து அங்கேயும் ஒரு கோடு.

ஊர் வேனில் செய்வது பழக்கத்துக்கு. அங்கே போய், ஓட்டப்போகிற அதே மோட்டார்ஹோமை வைத்து மறுபடி செய்ய வேண்டும். வண்டிக்கு வண்டி மறைவின் நீளம் மாறும்.

கண்ணாடிகளைத் திருப்பி வைப்பது

கட்டம் கையில் வந்துவிட்டால், அதைச் சுருக்கும் முதல் சாதனம் வண்டியில் ஏற்கெனவே இருக்கிற மிரர்தான். ஐரோப்பாவில் பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் ஃபியட் டுக்காட்டோ போன்ற வேன்களின் மேல் கட்டப்பட்டவை. அவற்றின் மிரர் இரண்டு துண்டாக இருக்கும்: மேலே பெரியது, கீழே அகலமாகக் காட்டுகிற குட்டி. இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுங்கள்.

மேல் கண்ணாடியில் உங்கள் வண்டியின் உடம்பு ஓரத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். நம்மில் பலர் பாதிக் கண்ணாடிக்குச் சொந்த வண்டியையே பார்த்துக்கொண்டு போகிறோம். அடிவானம் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கீழ்க் கண்ணாடியைப் பின் சக்கரம் தரையைத் தொடுகிற இடமும் பக்கத்து லேனும் தெரிகிற மாதிரித் திருப்புங்கள். திருப்பி முடித்ததும் பைக்கை மறுபடி தள்ளச் சொல்லி, புதுக் கோடு போடுங்கள். எங்கள் வேனில் கட்டம் பாதியாகச் சுருங்கியது. காசு செலவு இல்லை.

குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும். ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். அதில் குட்டியாகத் தெரிகிற கார் நிஜத்தில் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். ஒரு கார் இருக்கிறதா இல்லையா என்பதைக் குவிந்த கண்ணாடியில் பாருங்கள். எவ்வளவு தூரத்தில், என்ன வேகத்தில் வருகிறது என்பதைப் பெரிய கண்ணாடியில் பாருங்கள். கடைகளில் விற்கிற ஒட்டு வட்டக் கண்ணாடி ஒன்று போதும். மூன்று நான்கு ஒட்டினால் எதைப் பார்ப்பது என்று கண் தடுமாறும்.

இடது ஜன்னல் சுத்தமாக இருக்க வேண்டும். டாஷ்போர்டில் தண்ணீர் பாட்டில், ஜன்னலில் குழந்தைக்கு வெயில் மறைக்கும் துணி, கொக்கியில் தொங்கும் பை எதுவும் கூடாது. இடது சீட்டைப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். அதில் இருப்பவர் முன்னால் குனிந்து போன் பார்த்தால் டிரைவருக்கு ஜன்னலே இல்லாமல் போய்விடும். சீட் காலியாக இருந்தால் அதன் ஹெட்ரெஸ்ட்டை முழுக்க இறக்கிவிடுங்கள்.

ஜன்னலில் ஒட்டுகிற லென்ஸ்

கண்ணாடிக்கு அடுத்து நான் மனதாரச் சிபாரிசு செய்வது இதைத்தான். ஒரு நோட்டுத் தாள் அளவுக்கு, மெல்லிய பிளாஸ்டிக்கில், உள்ளே வளையம் வளையமாகக் கோடு ஓடும் பிரெனெல் லென்ஸ். இடது ஜன்னலின் உட்பக்கம் ஒட்டினால், ஜன்னலுக்குக் கீழே, வண்டியை ஒட்டி நிற்கிற காரும் சைக்கிளும் அதில் சுருங்கித் தெரியும்.

இந்த வகை லென்ஸுக்குப் பெயர் கொடுத்தவர் அகஸ்டின் பிரெனெல் (1788–1827) என்ற பிரெஞ்சு இயற்பியலாளர். கடலில் இருக்கிற கப்பலுக்கு வெளிச்சம் எட்ட வேண்டும் என்று கலங்கரை விளக்கத்துக்காக அவர் செய்த வேலை அது. கனமான முழுக் கண்ணாடிக்குப் பதிலாக, வளைவை வளையங்களாக வெட்டித் தட்டையாக அடுக்கினார். வண்டி ஜன்னலில் ஒட்டுவது அதே தத்துவம், பார்வையை விரிக்கிற வகை. இங்கிலாந்துக்குள் வருகிற இடது ஸ்டியரிங் ஐரோப்பிய லாரிகளுக்கு இதே மறைவு வலப்பக்கத்தில் இருக்கிறது. அந்த லாரி டிரைவர்களுக்கு இந்த லென்ஸை அங்கே அரசுத் தரப்பிலேயே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜன்னலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, லென்ஸை வைத்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக் குமிழியை வெளியேற்றுங்கள். எங்கே ஒட்டுவது என்பதை மாவுக் கட்டம் சொல்லும்: கட்டத்தில் பைக்கை நிறுத்தி, லென்ஸைக் கையில் பிடித்து நகர்த்திக்கொண்டே வந்து, பைக் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலும் ஜன்னலின் கீழ்ப் பின் மூலையாக இருக்கும். இடது மிரரைப் பார்க்கிற வழியை அது மறைக்கக் கூடாது.

கேமரா: காட்டினால் நம்பு, காட்டாவிட்டால் நம்பாதே

பின் கேமராவை ரிவர்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஓடும்போதும் எரிகிற மாதிரி இணைப்பது நல்லது. பின் கண்ணாடி இல்லாத வண்டிக்கு நடு மிரர் அதுதான். அடுத்து, இடது மிரர் உயரத்தில் பின்னோக்கிப் பார்க்கிற ஒன்று, மறைவுக் கட்டத்துக்காக. வசதி இருந்தால் இடது முன் மூலையில் முன்னோக்கிப் பார்க்கிற ஒன்று. முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிர் ரோட்டைக் காட்டுவது அது மட்டும்தான்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். வண்டிக்குப் பின்னால் இடப்பக்கம் ஒருவரைச் சிவப்புத் துண்டோடு நிறுத்துங்கள். துண்டு திரையிலும் இடப்பக்கம் தெரிய வேண்டும். முன்னோக்கும் கேமராவுக்கு எதிர்க் கடையின் பெயர்ப் பலகை போதும், எழுத்து நேராகப் படிக்க வந்தால் சரி. இது மாறியிருந்தால் ஆபத்து இடப்பக்கம் இருக்கும்போது கை இடப்பக்கமே திருப்பும்.

திரையில் தூரம் தெரியாது. அதனால் திரையில் ஒரு வண்டி தெரிந்தால் நகராதீர்கள். திரை காலியாக இருந்தால், அது அனுமதி ஆகாது. கண்ணாடியையும் ஜன்னலையும் பார்த்த பிறகுதான் நகரலாம். மழையில் லென்ஸ் மேல் ஒரு துளி நின்றால் போதும், லாரி மறைந்துவிடும்.

இடது சீட் ஆளுக்கு வேலையும் வார்த்தையும்

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வருகிற ரோடு, மெயின் ரோட்டில் சாய்வாகப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. “மாமா, வருதா?” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன், ரோடு காலி. 26 வருஷப் பழக்கம் வாயில் வந்தது: “ரைட், ரைட்!”

நம் ஊரில் அதற்குப் போகலாம் என்று அர்த்தம். ஆனால் புது ரோட்டில், பதற்றத்தில் இருக்கிறவர் காதில் அது ‘வலப்பக்கம்’ என்று விழுந்தது. வலப்பக்கம் ஏதோ வருகிறது என்று நினைத்து, பாதி ரோட்டுக்குள் வந்த வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். அதற்குள் பின்னால் ஒரு லாரி வந்துவிட்டது. அந்த லாரி டிரைவர் ஒதுங்கி, ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். பேரன் பின்னால் அழ ஆரம்பித்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து வார்த்தைகளை முடிவு செய்தோம். அரசு பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். கூட்டத்திலும் இரைச்சலிலும் அது மாறிக் கேட்காது. அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

“ரைட்” என்ற சொல் வண்டிக்குள் கிடையாது. பக்கம் சொல்ல இடது, வலது மட்டும். “வருது”, “வரல” இரண்டும் வேண்டாம். தொடக்கம் ஒரே ஒலி, முடிவு இன்ஜின் சத்தத்தில் காணாமல் போகும். எங்களிடம் இருந்தது இரண்டு சொல்: ஏதாவது இருந்தால் “நில்லு”, இல்லையென்றால் “காலி”. இவை ஒன்றோடொன்று குழம்பவே குழம்பாது. மாமனார் மாப்பிள்ளையை “நில்லு” என்று ஒருமையில் சொல்வதா என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. “அந்த இடத்துல மரியாதை வேண்டாம் மாமா, சட்டுனு சொல்லுங்க” என்று அவர்தான் சொன்னார்.

வண்டிகள் வரிசையாக வந்தால் எண்ணிச் சொல்ல வேண்டும்: “நில்லு. ரெண்டு கார், ஒரு பைக். ஒண்ணு போச்சு. ரெண்டு போச்சு. பைக் போச்சு. காலி.” எத்தனை பாக்கி என்று தெரிந்தால் டிரைவர் பதறாமல் காத்திருப்பார். இடது சீட்காரர் கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும். “போங்க” என்று சொல்லவே கூடாது. போவதா வேண்டாமா என்பது ஸ்டியரிங் பிடித்தவர் முடிவு. “காலி” என்று கேட்ட பிறகும் அவர் தன் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுக்க வேண்டும்.

நம் ஊர் லாரியில் கிளீனர் பார்ப்பது ஓரம். அங்கே கிளீனர் பார்ப்பது நடு ரோடு. ஆகவே தூங்கி வழிகிறவரை அந்தச் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். பழகுவதற்கு நம் ஊர் ரோடே போதும்: யாராவது ஓட்டும்போது இடது சீட்டில் இருந்து, பார்த்ததை வாயால் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

ஹெட்லைட்

இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டு வண்டியில் டிம் லைட் சமமாக விழாது. சாயங்காலம் ஒரு சுவருக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் நிறுத்திப் பாருங்கள், வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் உயர்ந்து ஏறும். ஓரத்தில் நடக்கிறவரும் பலகையும் தெரிவதற்காக அப்படி. பிரான்சில் இடப்பக்கம் எதிரே வருகிறவர் இருக்கிறார். அந்த ஏறுகிற வெளிச்சம் அவர் கண்ணில் நேராக அடிக்கும்.

நம் ஊரில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்களே, அதைப் போல இதற்கென்று ஸ்டிக்கர் விற்கிறார்கள். எந்த மாடல் லைட்டில் எந்த இடத்தில் ஒட்டுவது என்று அதோடு வருகிற படத்தைப் பார்த்தே ஒட்டுங்கள், கை போன இடத்தில் ஒட்டினால் பயனில்லை. புது வண்டிகள் சிலவற்றில் லைட்டை வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாற்ற மெனுவிலோ லைட்டுக்குப் பின்னாலோ ஒரு வசதி இருக்கும். வண்டிப் புத்தகத்தை முதலில் பாருங்கள். ஒட்டிய பிறகு அதே சுவரில் மறுபடி சோதியுங்கள்.

காலையில் உள்ளே படியும் ஈரம்

குற்றாலச் சாரலில் ஜன்னலை மூடிக்கொண்டு போனால் கண்ணாடி உள்ளே பூத்துப்போகுமே, மோட்டார்ஹோமில் அது தினமும் காலையில் நடக்கும். நாலு பேர் மூச்சும் சமையல் ஆவியும் ராத்திரி முழுக்க முன் கண்ணாடியில் படியும். நம் பழைய டிரைவர்கள் மழைக்குப் புகையிலையைக் கசக்கித் தேய்ப்பார்கள். அங்கே அது வேண்டியதில்லை. படுக்கும்போது கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். முன் கண்ணாடிக்கு வெளியே போர்த்துகிற கனத்த திரை கிடைக்கிறது, அது நன்றாக உதவுகிறது. கிளம்புமுன் காய்ந்த துணியால் துடைத்து, ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எல்லோரும் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இடது ஜன்னலை மறந்துவிடுகிறார்கள். அந்த ஊரில் முதலில் துடைக்க வேண்டியது அதைத்தான்.

ரோட்டில்: எங்கே எப்படிப் பார்ப்பது

*நேர் ரோடு.* பள்ளத்தின் பயத்தில் டிரைவர் தன்னையறியாமல் நடுவுக்கு ஏறுவார். எதிர் வண்டியின் மிரரும் நம் இடது மிரரும் மோதுகிற தூரத்துக்கு வந்துவிடும். மைதானத்தில் இரண்டு கயிற்றை 3.5 மீட்டர் இடைவெளியில் நீளமாகப் போட்டு, வண்டியை நட்டநடுவில் நிறுத்துங்கள். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இடது கயிறு முன் கண்ணாடியின் அடியில் எந்த இடத்தில் வந்து முட்டுகிறதோ, அங்கே விரல் நகம் அளவுக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். ரோட்டில் நடுக்கோடு அந்த டேப்பில் முட்டினால் வண்டி சரியாக இருக்கிறது. முதல் நாள் இது ரொம்பக் கைகொடுக்கும், மூன்றாவது நாள் தேவைப்படாது.

*லாரிக்குப் பின்னால்.* ஒட்டிப் போகாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று வினாடி இடைவெளி என்றால் 66 மீட்டர், நான்கு என்றால் 88. அவ்வளவு விட்டால் லாரி சிறிதாகி, அதன் இரண்டு பக்கமும் ரோடு தெரிய ஆரம்பிக்கும். ரோடு வலப்பக்கம் வளைகிற இடத்தில், வலப்பக்கம் இருக்கிற உங்களுக்கு லாரியின் உள்பக்கமாகத் தூரத்து ரோடு முழுக்கத் தெரியும். அங்குள்ள டிரைவர்களுக்கு இல்லாத வசதி இது. அந்த நேரத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முந்துவது வளைவு முடிந்து, நேர் ரோட்டில், இடது சீட்காரர் “காலி” சொன்ன பிறகு. இடப்பக்கம் வளைகிற ரோட்டில் ஒன்றுமே தெரியாது, அங்கே முந்துகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு வழிச் சாலையில் 11 நாளில் நாங்கள் முந்தியது ஒரு டிராக்டரை மட்டும்தான். அதனால் எந்த ஊருக்கும் நாங்கள் தாமதமாகப் போகவில்லை.

*சாய்வாகச் சேருகிற சந்திப்பு.* எல்லாவற்றிலும் இதுதான் மோசம். மைதானத்தில் கயிற்றை மெயின் ரோடாக வைத்து, வண்டியை 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, இடப்பக்கம் பின்னாலிருந்து பைக்கை வரவிட்டோம். மாப்பிள்ளைக்குப் பைக் கடைசிவரை தெரியவில்லை. அதே இடத்தில் வண்டியைக் கயிற்றுக்குச் செங்குத்தாக நிறுத்தியதும், இடது ஜன்னல் வழியாக மைதானத்தின் கோடி வரைக்கும் தெரிந்தது. ஆகவே சாய்வான ரோடு வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, சற்று வலப்பக்கம் ஒதுங்கி, கடைசி வண்டி நீளத்தில் மூக்கை இடப்பக்கம் திருப்பி, மெயின் ரோட்டுக்குக் குறுக்காக நில்லுங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

*ரவுண்டானா.* வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நாம் வலப்பக்கம் பார்த்து நுழைகிறோம். அங்கே சுற்று தலைகீழ். வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து, அதாவது மறைவுப் பக்கத்திலிருந்து வரும். நுழைகிற கோட்டிலும் மூக்கை நேராக வைத்தே நில்லுங்கள், வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்காதீர்கள். திருப்பினால் இடது ஜன்னல் பார்க்க வேண்டிய இடத்தை விட்டு விலகிவிடும்.

*நெடுஞ்சாலையில் சேருவது.* நான்கு வழிச்சாலையில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுவது போலத்தான், பக்கம் மட்டும் மாறும். ஏறுகிற ரோட்டின் தொடக்கத்திலேயே இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தை ஏற்றிக்கொண்டே, இடது மிரரை இரண்டு மூன்று தடவை பாருங்கள். ஐரோப்பாவில் பெரிய லாரிகளின் வேகம் 90 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. நீங்களும் 90-க்கு வந்துவிட்டால் ஒரு லாரி தாண்டியதும் அதன் பின்னால் நிதானமாகச் சேரலாம். மெதுவாகப் போய்க் கடைசியில் நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து பின்னால் பார்க்கவே முடியாது.

*ஊருக்குள்.* பிரான்சில் வேறு பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அவர் நிற்காமல் வருவார். நீங்கள் வலப்பக்கம் இருப்பதால் அவர் நன்றாகத் தெரிவார், பார்த்து நிறுத்துங்கள். டோல்கேட்டில் சீட்டு எடுக்கிற மெஷின் இடப்பக்கம் இருக்கும். அது இடது சீட்காரர் வேலை.

நிறுத்தி இறங்கும்போது

மியான்மரில் 1970-இல் போக்குவரத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் வலது ஸ்டியரிங் வண்டிகள் வெகுகாலம் அப்படியே ஓடின, கதவு இடப்பக்கம் இருந்த பழைய பஸ்களில் ஜனங்கள் நடு ரோட்டில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் கட்டிய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் வீட்டுக் கதவு இடப்பக்கம்தான். ரோட்டோரத்தில் நிறுத்தினால் குழந்தை இறங்குகிற இடம் ஓடுகிற லேன். கதவு எந்தப் பக்கம் என்று முதலிலேயே பாருங்கள். இடப்பக்கம் என்றால், பெரியவர் ஒருவர் முன் வலது கதவு வழியாக இறங்கிப் போய் வெளியே நின்ற பிறகுதான் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

நாம் மற்றவர் கண்ணுக்குத் தெரிவது

3.5 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியாக இருந்தால், பிரான்சில் 2021 ஜனவரி 1 முதல் பின்பக்கமும் இரண்டு பக்கமும் ‘ஆங்ல் மோர்’ என்ற எச்சரிக்கை ஸ்டிக்கர் கட்டாயம். ‘செத்த கோணங்கள்’ என்று பொருள். நம் மாவுக் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் நீட்டிக்கொண்டிருந்தால் 50-க்கு 50 சென்டிமீட்டர் சிவப்பு வெள்ளைப் பட்டைப் பலகை மாட்ட வேண்டும். ஒளிரும் ஜாக்கெட்டும் முக்கோணப் பலகையும் பிரான்சில் கட்டாயம். ஜாக்கெட்டைப் பின்னால் பெட்டிக்குள் வைக்காமல் சீட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

திரும்பி வரும்போது

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் இறங்குவதற்கு முன்னால், கப்பலில் வண்டியை விட்டு மேலே போகும்போதே, முன் கண்ணாடியில் ஒட்டிய டேப்பை உரித்துவிடுங்கள். இல்லையென்றால் இறங்கியதும் கண் பழக்கத்தில் அதையே தேடும். ஹெட்லைட் ஸ்டிக்கரை வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் பசை விட்டுவிடும். அன்று இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். ஜன்னல் லென்ஸ் அப்படியே இருக்கட்டும், அடுத்த லேனிலும் ஓரத்திலும் வருகிற சைக்கிள்காரரை அது இங்கிலாந்திலும் காட்டும். துறைமுகத்தை விட்டு வெளியே வருகிற முதல் ரவுண்டானாவில் இடது சீட்காரர் சத்தமாக ஒரு தடவை சொல்லட்டும்: “இனி இடப்பக்கம்.”